பருத்தி இல்லாத பெட்டி

பனிமலைக்கு வரும்போது பருத்தித் துணி மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று அக்கா போனில் சொன்ன அன்று, எங்கள் வீட்டில் பருத்தி அல்லாத துணி என்று இருந்தவை இரண்டே பொருள்கள்: குடை, தையல் மெஷினின் உறை.

அப்பா விஸ்வநத்தத்தை ஒட்டிய ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். அம்மா பள்ளி ஆசிரியை. நைலானும் பாலியஸ்டரும் உடம்பில் உரசினால் கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் சேரும். வெடிமருந்து கலக்கும் அறையில் அதிலிருந்து ஒரு பொறி கிளம்பினால் போதும். அதனால் வேலைக்கு வருகிறவர்கள் பருத்திதான் உடுத்த வேண்டும் என்பது கம்பெனி விதி. அந்த விதியைக் கம்பெனி வாசலோடு விட்டுவிட்டு வர அப்பாவால் முடியவில்லை. வீட்டுக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் மற்றப் பெண்பிள்ளைகள் பளபளக்கும் சாட்டின் கவுன்களில் வந்து நிற்க, நானும் அக்காவும் கஞ்சி போட்ட பருத்திப் பாவாடையில் விறைப்பாக நிற்போம். உட்கார்ந்தால் பாவாடை சத்தம் போடும். ஒரு வருடம் மதுரைச் சித்தி எனக்கு ரோஸ் நிறத்தில் நைலான் கவுன் ஒன்று அனுப்பியிருந்தாள். அதை ஒரே ஒரு முறை, கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரம் அது தையல் மெஷினுக்கு உறையாகிவிட்டது. வெகுநாள் அந்த மெஷினைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருந்தது.

கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் தரையோடு இணைத்த செம்புத் தகடு ஒன்று பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்பா வீட்டு இரும்புக் கேட்டையும் அப்படித்தான் தொடுவார். சைக்கிளை நிறுத்தி, கேட்டில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்துவிட்டு, அதன்பிறகுதான் எங்களைத் தூக்குவார். நாங்கள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்தால், "இருங்க தாயி, தொட்டுட்டு வந்துர்றேன்" என்பார். பின்னர் நாங்களும் பள்ளிவிட்டு வரும்போது கேட்டைத் தொட்டோம். எதற்கு என்று அப்போது தெரியாது.

போனுக்கும் ஒரு விதி இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். பெட்டியில் போடும் முன் அம்மாவுக்கு ஒரு ரிங், மாலையில் எடுத்ததும் ஒரு ரிங். எடுத்துப் பேச வேண்டியதில்லை. இடையில் கம்பெனி இருக்கும் பக்கம் ஏதாவது வெடிச்சத்தம் கேட்டால், அந்த மாலை ரிங் வரும்வரை அம்மா பாடம் நடத்திக்கொண்டே கைப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நர்ஸ் வேலைக்காக ஆஸ்திரியா போன அக்கா அங்கேயே திருமணம் செய்துகொண்டாள். அவளுடைய மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்தப் பிள்ளையை அப்பா போன் திரையில் மட்டுமே பார்த்திருந்தார். தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருக்கும் மாதம்தான் அப்பாவுக்கு விடுமுறை. அந்த மாதத்திலேயே வாருங்கள், பேத்தியின் முதல் பனிச்சறுக்கைப் பார்க்கலாம் என்று அக்கா டிக்கெட் எடுத்துவிட்டாள். அதே மாதத்தில்தான் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் பலர் கூலியில்லாமல் வீட்டில் இருப்பார்கள். அதை நினைத்து எனக்கு இந்தப் பயணம் முழுவதும் ஓர் உறுத்தல் இருந்தது. அப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும். கேட்டவர்களிடம் "பேத்தியப் பாக்கப் போறோம்" என்றாரே தவிர, பனிச்சறுக்கு என்ற சொல்லை அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை.

ஒரு வாரத்துக்காக வாங்கிவிட்டுப் பிறகு வீணாகப் போட வேண்டாம் என்று நான் அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். கனத்த ஜாக்கெட்டுகளை அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ்களிடம் இரவல் வாங்குவது, பூட்ஸும் பனிச்சறுக்குக் கட்டைகளும் அங்கேயே வாடகைக்கு எடுப்பது என்று முடிவானது. நாங்கள் வாங்க வேண்டியவை உள்ளே அணியும் தெர்மல், அதன்மேல் அணியும் மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, கம்பளிக் காலுறைகள், கையுறைகள்.

"பனியன்கூடக் காட்டன் வேணாம்டி" என்றாள் அக்கா. "வேர்வையோ பனியோ பட்டு நனைஞ்சா காயவே காயாது. உடம்போட ஒட்டிக்கிட்டுச் சூட்ட உறிஞ்சிரும். அங்கன பருத்தி பாதுகாப்பு, இங்கன அதான் ஆபத்து."

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து மூவரும் மதுரைக்குப் போனோம். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்த கடையில் விற்பனைப் பெண் சாம்பல் நிற ஃப்ளீஸ் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். அப்பா அதை விரல் நுனியால் தடவினார்.

"இது தீப்பிடிச்சா உருகி உடம்புல ஒட்டும்மா" என்றார்.

"பனியில எங்க சார் தீ?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அம்மாவும் சிரித்தாள். "அம்புட்டுப் பயமா இருந்தா வேட்டியோட வாங்க. பனிக்குள்ள வெள்ளைக்கு வெள்ளை, ஆளே தெரியாது. யாராச்சும் சறுக்கிக்கிட்டு வந்து மேல மோதுனாத்தான் இருக்கீகன்னு கண்டுபிடிக்கணும்."

அப்பாவும் அரைமனதாகச் சிரித்து, சட்டையை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போனார். போட்டுப் பார்த்திருக்கிறார். கழற்றும்போதுதான் அது நடந்தது. வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது: காய்ந்த சருகை மிதித்தாற்போல் சடசடவென்று ஒரு சத்தம். அவர் வெளியே வந்தபோது கைமுடிகள் குத்திட்டு நின்றன. முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வெளிறல். சட்டையை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார். "இதப் போட்டுக்கிட்டுப் பிள்ளையத் தூக்க என்னால ஆகாது."

சட்டையை வாங்காமலே பஸ் ஏறினோம். நான் படித்தவள், அந்த மலையில் வெடிமருந்து இல்லை, அந்தச் சத்தத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று விளக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது அவருக்கும் தெரியும். அந்தச் சத்தத்துக்குப் பயப்படுவதுதான் இத்தனை காலம் அவர் வேலை. அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் வேலை பார்த்த எத்தனையோ பேர் மாலையில் வீடு திரும்பியதும் அந்தப் பயத்தினால்தான். ஒரு விடுமுறைக்காக அதைச் சட்டைபோலக் கழற்றி வைக்கச் சொல்லலாமா? சொல்லாவிட்டால் அவர் பேத்தியை நேரில் பார்க்காமலே போகலாம். அந்த வேலையில் அடுத்த வருடம் உண்டு என்று யார் சொல்ல முடியும்? சாத்தூர் வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். மனம் ஒரு பக்கமும் சாயவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "போன அப்பாகிட்ட குடு" என்றாள்.

நான் ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

"அப்பா, இங்கன குளிர்காலத்துல எதத் தொட்டாலும் சுருக்குன்னு அடிக்கும். எல்லாருக்குந்தான். எங்க வீட்டு வாசல்ல ஒரு இரும்புக் கம்பி இருக்கு. வந்த நாள்லருந்து அதத் தொட்டுட்டுத்தான் நான் உள்ள போறேன். பக்கத்து வீட்டம்மா அது நம்ம ஊருச் சாமி கும்புடுற முறைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. நானும் ஆமான்னுட்டேன்."

அப்பா சிரிக்கவில்லை. "கம்பி தரையில ஊண்டியிருக்கா? இல்ல சுவத்துல மாட்டினதா?" என்று கேட்டார்.

"தரையிலதான்ப்பா. நல்லா ஆழமா."

"பெயிண்ட் அடிச்சிருக்கா?"

"கை படுற எடத்துல நானே சுரண்டி வச்சிருக்கேன்."

அப்பா போனை என்னிடம் நீட்டினார். "அந்தச் சட்ட இன்னும் கடையில இருக்குமா தாயி?" என்றார்.

அதற்குப்பிறகு ஏற்பாடுகள் வேகமாக நடந்தன. அப்பாவின் போனில் வெளிநாட்டிலும் இயங்கும் ரீசார்ஜ் ஒன்றைப் போட்டேன். வங்கியிலிருந்து ஓடிபி வரும் என்பதால் பழைய சிம்மைக் கழற்றக் கூடாது என்று அப்பா அம்மா இருவரிடமும் சொல்லிவைத்தேன். குளிரில் போனின் சார்ஜ் திடீரென்று இறங்கிவிடும், வெளிப்பையில் வைக்காமல் உடம்பை ஒட்டி வையுங்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"போன உடம்போட வைக்கிறதா?" என்று அப்பா மறுபடி தயங்கினார். வேலைநாள் முழுக்க அதைத் தன்னிடமிருந்து தள்ளியே வைத்துப் பழகியவர்.

அம்மா நைலான் உறையை எடுத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவருடைய பழைய வேலைச்சட்டை ஒன்றிலிருந்து ஒரு துண்டு வெட்டி, தெர்மலின் உட்புறம் நெஞ்சுக்கு நேராக ஒரு பை தைத்தாள். "இது ஒண்ணாச்சும் காட்டனா இருக்கட்டும். இல்லாட்டி இவுக ப்ளைட்டுக்குள்ள ஏற மாட்டாக" என்றாள். எங்கள் பெட்டிக்குள் போன பருத்தி அந்தத் துண்டு மட்டும்தான்.

புறப்பட்ட காலையில் அப்பா கேட்டைத் தொட்டார். வீட்டைவிட்டு வெளியே போகும்போது அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விமான நிலையத்துக்கு வந்திருந்த அக்காவோடு அவள் வீட்டை அடைந்தபோது பனி பெய்துகொண்டிருந்தது. பட்டாசு ஆலைச் சாம்பல்போல் அல்ல, உப்புத்தூள்போல். இரவல் ஜாக்கெட்டில் அப்பா வேறொருவரைப்போல இருந்தார். வாசல்படி ஏறியதும் அந்த இரும்புக் கம்பியருகே நின்று, வலது கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

"அப்பா, சட்டுன்னு தொட்டுட்டு எடுத்துருங்க. குளிருக்குக் கை ஒட்டிக்கிடும்" என்று அக்கா பதறினாள்.

கதவு திறந்தது. நீலநிற ஃப்ளீஸ் சட்டையில் அந்தச் சிறுபெண் நின்றிருந்தாள். ஓடி வரவில்லை. போனில் கேட்டுப் பழகிய அதே குரலில், உச்சரிப்பில் சற்றுத் தடுக்கியபடி, "தாத்தா, தொட்டாச்சா?" என்று கேட்டாள்.

அப்பா கம்பியில் உள்ளங்கையை வைத்தார். பெயிண்ட் சுரண்டிய இடத்தில் இரும்பு பளிச்சென்றிருந்தது.

"தொட்டாச்சு தாயி" என்றார்.

அவள் ஓடிவந்தாள். அவர் குனிந்து தூக்கினார். அவர் ஜாக்கெட்டும் அவள் சட்டையும் உரசி, அத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும், மெல்லிதாக ஒரு சடசடப்பு கேட்டது. எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பிள்ளை சிரித்தாள். அப்பாவின் தோள்கள் ஒரு கணம் விறைத்தன.

ஆனால் அவர் அவளை இறக்கிவிடவில்லை.