மீன் வழக்கும் அரசியலமைப்பும்

நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிறவளின் தொழில், ஒருவருடைய கோபத்தை ஒரு துளியும் சிந்தாமல் தூக்கிக்கொண்டுபோய் இன்னொருவர் முன்னால் வைப்பது. சிந்தினால் இரண்டு பக்கமும் ஏச்சு நமக்குத்தான். சொந்தக்காரருக்குள் சமாதானம் பேசப்போய் மூக்குடைபட்டு வந்தவர்கள் உங்களில் கட்டாயம் இருப்பார்கள். என் நோவு உங்களுக்கு விளங்கும். பாரிசில் எங்கள் ஆட்கள் கூடுகிற லா ஷப்பலில் இத்தனை வருடம் நான் சுமந்த வழக்குகளில் சபாரத்தினம் அண்ணையின் வழக்கைப்போல என்னை வாட்டியது வேறில்லை.

உண்மை பேசிய குற்றம்

சபாரத்தினம் அண்ணையும், அவருடைய மனைவியின் தம்பி குகனும், இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு மீன்கடை நடத்தினார்கள். முறைப்படி கம்பனியாகப் பதிந்தது. நாலு பேரும் சம பங்காளிகள். பதியும்போது கணக்காளர் நீட்டிய ஒப்பந்தத்தில், தேத்தண்ணி குடித்தபடியே நாலு பேரும் கையெழுத்து வைத்தார்கள். கம்பனிக்குக் கேடு செய்கிற பங்காளியை மற்றவர்கள் வாக்களித்து வெளியேற்றலாம், அவர் தன் பங்கை விற்றே ஆகவேண்டும் என்று அதில் ஒரு சரத்து இருந்தது. பிரெஞ்சுச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. வாசித்தவர்தான் ஒருவரும் இல்லை.

அண்ணை செய்த கேடு இதுதான்: கல்லாவில் நின்றுகொண்டே, "இண்டைக்கு இந்த விளைமீனை எடுக்காதேங்கோ, நாளைக்குப் புதுசு வரும்" என்று வாடிக்கையாளருக்குச் சொல்லுவார். ஒருதரம் இரண்டுதரம் இல்லை, அதுவே அவர் பழக்கம். குகன் கூட்டம் போட்டான். மூன்று கை உயர்ந்தது, அண்ணை வெளியே போனார். வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கறிஞரை எங்கள் ஆட்கள் அவொக்கா என்பார்கள். அண்ணைக்கு வாதாடிய அவொக்கா அம்மாவிடம் முதல் நாள் அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் பிரெஞ்சில் சொன்னேன்: "மீன் நாறினதுக்கு என்னைக் கலைச்சவங்கள், மீனைக் கலைக்கேல்லை."

குடியரசு குறுக்கே வந்தது

சில மாதம் கழித்து அவொக்கா எங்களைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. எங்கேயோ வேறொரு கம்பனியில் இதேமாதிரி வெளியேற்றப்பட்ட ஒருவர், "ஒருவரின் சொத்தை அவர் சம்மதமில்லாமல் விற்கவைக்கிற இந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு முரண்" என்று கேள்வி எழுப்பிவிட்டாராம். கேள்வி மேலே அரசியலமைப்பு மன்றத்துக்குப் போய்விட்டதாம். பதில் வரும்வரை நம்முடைய வழக்கை நிறுத்திவைக்கும்படி கேட்கப்போகிறாராம். சட்டம் விழுந்தால் நாங்கள் வாதாடாமலே வென்றமாதிரி.

இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சொத்துரிமை வந்தது, மனித உரிமைப் பிரகடனம் வந்தது, பிரான்சின் இரண்டு நூற்றாண்டு வரலாறும் வந்தது. அண்ணை குறுக்கே பேசாமல் கேட்டார். அவொக்கா ஆவலோடு என்னைப் பார்த்தார், "என்ன சொல்கிறார்?" அண்ணை சொன்னது: "பிள்ளை, நான் விளைமீனைப் பற்றிக் கேக்க வந்தனான், இவ பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிக் கதைக்கிறா."

இரண்டு பக்கமும் தோல்வி

வணிக நீதிமன்றத்து நீதிபதிகள் வியாபாரிகளுக்குள்ளேயே தெரிவுசெய்யப்பட்டவர்கள். அண்ணைக்கு அதில் பெரிய நம்பிக்கை. கடைக்காரன் நோவு கடைக்காரனுக்குத் தெரியாதா? சொல்லவேண்டியதைக் கண்ணாடி முன் நின்று பழகி, கோட்டும் போட்டு வந்தார். அவொக்கா நிறுத்திவைக்கச் சொன்னார். குகனின் வழக்கறிஞரும் உடனே தலையாட்டினார். சட்டம் தப்பினால் வெற்றி தங்களுக்கு என்பது அவர் நினைப்பு. நீதிபதி சரி என்றார், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அண்ணை எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டி முடிக்கவில்லை.

வெளியே குகன் முகம் கறுத்துப்போய் நின்றான். பாரிசிலேயே ஸ்டாலின்கிராட் என்கிற பகுதியில் இரண்டாவது கடை திறக்க இருந்தவன். பங்கு யாருடையது என்று தெரியாமல் வங்கி அவனோடு பேசாது. இத்தனை மாதமாக அத்தானின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காதவன் அன்றைக்குப் பார்த்தான். "என்ன அத்தான், ரெண்டு பேரும் சேர்ந்தெல்லோ தோத்துப்போனம்!"

தலையாட்டத் தடையில்லை

வழக்குத் தூங்கும்போது அண்ணை பங்காளியா இல்லையா என்று ஊர் கேட்டது. எனக்கே விளங்கவில்லை, பிறகெப்படி மொழிபெயர்ப்பது? கல்லாவுக்குப் பின்னால் அவர் போகமுடியாது. ஆனால் வாடிக்கையாளராக முன்னால் வரக்கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு பையோடு வந்து மீன்பெட்டி முன்னால் நிற்பார். செவுளை விரித்துப் பார்ப்பார். வாய் திறக்கமாட்டார், தலையை மட்டும் மெல்ல ஆட்டுவார், நல்ல மீனுக்கு ஒரு மாதிரி, பழசுக்கு இன்னொரு மாதிரி. சனம் மீனைப் பார்க்காது, அவர் தலையைப் பார்த்துத்தான் வாங்கும்.

குகன் எனக்குத் தொலைபேசி எடுத்து, தலையாட்டுவதைத் தடுக்க ஏதும் வழி உண்டா என்று கேட்டான். நான் அண்ணையின் ஆள் என்று சொல்லியும் விடவில்லை. வேறு வழியில்லாமல் நல்ல மீனாக இறக்கத் தொடங்கினான். புறநகர் செவ்ரானிலிருந்து ரயிலேறி வாரம் தவறாமல் வரும் அக்கா ஒருத்தி அண்ணையிடம் சொன்னது: "நீங்கள் உள்ளுக்கை இருக்கேக்கை உங்கடை சொல்லை ஆர் கேட்டது? கலைச்சாப் பிறகுதான் அண்ணை மீன் திறம்."

புத்தகத்தில் வரப்போகும் பெயர்

சிரிக்கிறேன், ஆனால் அந்த நாட்களில் அண்ணை உடைந்துதான் போயிருந்தார். கடைப் பலகையில் "சபா" என்று அவர் பெயர்தான் இருந்தது. குகன் அதைக் கழற்றிப் பின்னறையில் சாத்திவிட்டான். கழற்றிய இடத்தில் சுவர் வேறு நிறமாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே அண்ணை கடைக்குள் நுழைவார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒருநாள் வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. வணிகப் படிப்புக்குச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் காதில் அது விழுந்துவிட்டது. அவருக்கு ஒரே உற்சாகம். "சார், செம கேஸ் சார் இது! கார்ப்பரேட் லா புக்ல எல்லாம் உங்க பேரு வரும்!" அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "என்ரை பேர் புத்தகத்திலை வேண்டாம் தம்பி. பலகையிலை கிடந்தாப் போதும்."

மேலிருந்து வந்த பதில்

குளிர் போய் வெயில் வந்தபிறகு மேலிருந்து பதிலும் வந்தது. சட்டத்தில் பிழை இல்லையாம். ஏன் இல்லை? வெளியேற்றப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போகலாம், வெளியேற்றிய காரணம் சரியா என்று நீதிபதி பார்க்கலாம், ஆகவே ஒருவருக்கும் அநியாயம் நடக்காதாம். அவொக்கா ஒரு மணிநேரம் விளக்கினார். நான் இரண்டே வசனத்தில் தமிழில் சொன்னேன். அண்ணை கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "நீதிமன்றத்திலைதானே பிள்ளை நான் முதலே நிண்டனான்!"

வென்றவரின் விருப்பம்

வழக்கு மறுபடி கண் விழித்தது. இந்த முறை நீதிபதி, தானும் ஒரு வியாபாரி என்பதாலோ என்னவோ, குகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: அந்த மீன் புதிதா, பழையதா? குகன் தன் வழக்கறிஞரைப் பார்த்தான். வழக்கறிஞர் கூரையைப் பார்த்தார். கம்பனிக்குக் கேடு பழைய மீனால்தான், அதைச் சொன்னவரால் இல்லை என்று தீர்ப்பு வந்தது. வெளியேற்றியது செல்லாது. அண்ணை அழுதார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அடுத்த கிழமையே பலகை பழைய இடத்துக்கு ஏறியது. மூன்று கையில் இரண்டு கைக்குச் சொந்தக்காரரான மற்றப் பங்காளிகள் இனிப்புப் பெட்டியோடு அண்ணை வீட்டுக்குப் போய், குகன் சொல்லித்தான் அன்றைக்குக் கை தூக்கினோம் என்றார்கள்.

அவொக்காவுக்கும் மனம் நிறைந்த சந்தோசம். இனி ஒருவருக்கும் இந்தக் கதி வரக்கூடாது, அந்தச் சரத்தை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுவோம், நானே எழுதித் தருகிறேன் என்றார். நானும் உருகிப்போய், சொத்துரிமை, நீதி என்று எல்லாம் சேர்த்து வடிவாய் மொழிபெயர்த்தேன். அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சரத்து அப்பிடியே கிடக்கட்டும் எண்டு சொல்லு பிள்ளை. இப்ப மூண்டு கை என்ரை பக்கம்."

ஒரு சட்டம் நியாயமா இல்லையா என்று ஒரு நாடே வேலையை நிறுத்திவைத்து யோசிக்கும். எங்கள் ஆட்களுக்கோ அது இன்றைக்கு யார் பக்கம் என்று தெரிந்தால் போதும்.