தீர்த்தம் விழுந்த கறுப்புச் சீசா

காரைக்குடி போக எந்த மாதம் நல்லது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சொல்கிறேன், அதற்கு முன் என் கதையைக் கேட்டே ஆகவேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் நான் முதன்முதலில் அங்கே போனது செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க அல்ல. கையில் ஒரு சீசாவோடு போனேன்.

சீசாவில் கறுப்புத் தண்ணீர். அதில் மிதந்தவை இரும்பு ஆக்சைடு துகள்கள். ஒரு தலைமயிரின் கனத்துக்குள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும், அவ்வளவு பொடிசு. காந்தத்தைக் காட்டினால் ஓடிவரும், எடுத்துவிட்டால் காந்தமாக இருந்ததையே மறந்துவிடும். அந்த மறதியை அளந்து காட்டினால்தான் எனக்கு முனைவர் பட்டம். முன்பு அளந்தபோதெல்லாம் கொஞ்சம் காந்தம் மிச்சமிருந்தது. பெரிய துகள்கள் கலந்திருந்ததுதான் காரணம். காரைக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் கருவி எனக்கு ஒரே ஒரு காலைப்பொழுது கிடைத்தது. உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. கையில் வேறு மாதிரியும் இல்லை.

மதுரையிலிருந்து திருப்பத்தூர் வழியாகப் பேருந்து. ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர், அப்போது இரண்டரை மணி நேரம். சீசா மடியிலேயே இருந்தது. "என்னம்மா, கைப்பிள்ளை கணக்கா வச்சிருக்கீக?" என்று சிரித்தார் கண்டக்டர். பிள்ளைதான் ஐயா, போங்கள்!

தங்கியது விடுதித் தோழி செல்வியின் வீட்டில். அவள் அம்மா லூர்து டீச்சர், "இது நல்லபடியா வந்தாத்தான் ஒனக்குப் பட்டமா?" என்று கேட்டு, சீசாவை வாங்கி அந்தோணியார் படத்தடியில் வைத்தார்.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அடியில் சேறு, மேலே வெளிறிய பழுப்புத் தண்ணீர். சீசாவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, இதை யாரும் தொட்டாங்களா?"

"நாந்தான் தாயி. விடியப் பூசைக்குப் போயிட்டு வந்து, மந்திரிச்ச தீர்த்தம் ஒரு மூடி ஊத்துனேன். ஏன், எதுவும் ஆயிருச்சா?"

கன்னியர் பள்ளியில் படித்தவள் நான். மாதா கோயிலில் தீர்த்தம் மந்திரிக்கும்போது பாதிரியார் அதில் உப்புச் சேர்ப்பார் என்று தெரியும். உப்புப் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? "ஒண்ணும் ஆகலம்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறி, வழியெல்லாம் அழுதேன்.

வேறு வழியில்லாமல் மேல் தண்ணீரைத்தான் கருவியில் வைத்தேன். வரைதாளில் கோடு ஏறியது, இறங்கியது, நூல் பிடித்தாற்போல் பூஜ்யத்தின் வழியே போனது. மிச்சமே இல்லை! பிறகுதான் உறைத்தது: பெரிய துகள்களைத்தான் உப்பு முதலில் கீழே இறக்கியிருக்கிறது. மேலே தங்கியவை அத்தனையும் பொடிசு. நான் மாதக்கணக்கில் பிரிக்கத் திணறியதை ஒரு மூடித் தீர்த்தம் பிரித்துவிட்டது.

லூர்து அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன தாயி, பலிச்சுச்சா?"

"பலிச்சுச்சும்மா" என்று கட்டிக்கொண்டேன். ஒரு நாள் பழக்கத்தில் எனக்காக விடியலில் எழுந்து வேண்டிக்கொண்டவர் அவர்.

வாசகிக்கு: டிசம்பர், ஜனவரி நல்லது. வெயில் தாங்கலாம். காளையார்கோவிலையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். யார் வீட்டிலாவது தங்கினால், அவர்கள் அன்பாகச் செய்வதைத் தடுக்காதீர்கள்.

நான் கிளம்பும்போது லூர்து அம்மா, அடுத்த பரிசோதனைக்கு ஆகும் என்று இன்னொரு சீசாவில் தீர்த்தம் கொடுத்தனுப்பினார். அதன்பிறகு ஆய்வகத்தில் கடை உப்பையே கரைத்து ஊற்றினேன். அவர் கொடுத்ததைத் தொட மனம் வரவில்லை. தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. அடியில் வெள்ளையாக உப்பு மட்டும் இன்னும் இருக்கிறது.