சட்டிக்குள் வந்த பாட்டு

எங்கள் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வந்தபோது அதனோடு சில சட்டங்களும் வந்தன. செருப்போடு கிட்டப் போகக்கூடாது. ஈரக் கையால் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் அம்மாவின் பழைய சேலையால் போர்த்திவிட வேண்டும். அது களைத்துப்போய் மெதுவாக அசைந்தால் மவுசின் வலப்பக்கத்தை அமத்தி 'ரிஃப்ரெஷ்' கொடுக்க வேண்டும். ஒரு தரம் போதாது, ஐந்து தரம்.

சட்டங்களை இயற்றியவர் மாமா, அம்மாவின் தம்பி. டவுனில் ஆறு மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனவர். கைத்தொலைபேசிகளுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடை ஒன்று போடுவதற்காக அந்தப் பழைய பெட்டியை வாங்கி, கடைக்கு இடம் கிடைக்கும்வரை எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்திருந்தார். அவர் சொல்வதை மறுத்துப் பேச அப்போது ஊரில் ஆள் கிடையாது. ரிஃப்ரெஷ் கொடுப்பதால் கொம்பியூட்டருக்கு எந்தக் களைப்பும் தீராது என்று நான் அறிந்தபோது பல்கலைக்கழகம் போயிருந்தேன். இன்றைக்கும் என் கை தன்பாட்டில் ஐந்து தரம் அமத்திவிட்டுத்தான் ஓய்கிறது.

எனக்கு அப்போது பதினொரு வயது. சண்டை முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. நாங்கள் முகாம் முகாமாக அலைந்துவிட்டுப் பழுகாமத்துப் பக்கம் சொந்த வளவுக்குத் திரும்பியிருந்தோம். வீடு வாவிக்கு மேற்கே. இன்டர்நெட் சிக்னலோ வாவிக்குக் கிழக்கே இருந்து தண்ணீரைத் தாண்டி வரவேண்டும். வழியில் என்ன நடந்ததோ, எங்களிடம் வரும்போது அது அரைவாசிதான் வரும். மாமா அதற்கும் ஒரு வித்தை வைத்திருந்தார். அம்மா சோறு காய்ச்சுகிற அலுமினியச் சட்டியை எடுத்து, அதற்குள் சிக்னல் பிடிக்கிற டொங்கிளை வைத்துக் கட்டி, நீள வயரோடு முற்றத்து முருங்கை மரத்தில் கிழக்கே பார்க்கத் தொங்கவிட்டார். உண்மையாகவே சிக்னல் கூடியது. காற்றடித்தால் சட்டி திரும்பிவிடும், பாட்டு நின்றுவிடும். ஓடிப்போய்ச் சட்டியைத் திருப்பி விடுவது என் உத்தியோகம். அம்மா அதற்குப் பிறகு மண் பானையில் சோறு காய்ச்சினார், மாமாவைத் திட்டிக்கொண்டே.

கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாகத் தையல் மெஷினோடு இருந்தவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண்வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம். சின்னம்மா விஷயத்தில் அது மாறி நடந்தது. சித்தப்பா கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஓர்கன் வாசிப்பவர்; அவருடைய இசைக்குழு டவுனில் இருந்ததால் இருவரும் அங்கே கடற்கரையோரம் வாடகைக்கு வீடெடுத்து இருந்தார்கள். சுனாமி வந்த அன்று சின்னம்மா எங்கள் வீட்டில். சித்தப்பா முதல்நாள் கச்சேரிக் களைப்பில் அங்கே படுத்திருந்தார். கடல் திரும்பிப் போனபோது அந்த இடத்தில் அத்திவாரமும் ஓர்கன் வைக்கும் இரும்புக் காலும் மிஞ்சியிருந்தன. சித்தப்பாவின் உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் சின்னம்மா பொட்டை அழிக்கவில்லை. சொந்தக்காரர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், கடைசியில் நேரடியாகவே கேட்டார்கள். பிறகு சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு முகாமிலும், மற்றவர்கள் தண்ணீருக்கும் பாய்க்கும் அடிபட, சின்னம்மா முதலில் போய்ப் பெயர்ப் பட்டியலைத்தான் வாசிப்பார். திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது போல அம்மாவோடு அடுப்பு மூட்டுவார். அந்தக் காத்திருப்பு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கதைக்காமல் இருக்கவும் எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பாவை எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். அவருடைய பழக்கம் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும், சின்னம்மா வழியாக. பாட்டு முடிந்து எல்லோரும் கையெடுத்த பிறகு சித்தப்பா கீழ்க்கட்டையில் ஒரே ஒரு சுரத்தை மெதுவாக அமத்துவாராம். குழுவில் எத்தனையோ பேர் ஏசியும் விடவில்லையாம். "வீட்டப் பூட்டாமப் போகலாமா எண்டு கேப்பார்," என்று சின்னம்மா சொல்வார். சின்னம்மாவுக்கும் அது தொற்றியிருந்தது. தைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பார், பாட்டு முடியும், ஒரு கணம் கழித்துக் கத்தரிக்கோலால் மெஷினில் ஒரு தட்டு. அந்தத் தட்டு விழுந்தால்தான் பாட்டு முடிந்தது என்று எனக்குக் கணக்கு.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு அம்மா என் புத்தகங்களையும் சின்னம்மாவின் கத்தரிக்கோலையும் வரிசையாக வைத்துவிட்டு, கொம்பியூட்டரும் வித்தைதானே என்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். மாவிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளி மூன்று தரம் தெளித்தார். திரை தப்பியது. விசைப்பலகை குடித்துவிட்டது. அரைவாசி எழுத்துகள் அன்றோடு ஊமை. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா அசரவில்லை.

"அம்மனுக்குத் தெளிக்கிற தண்ணிடா இது. இதால ஒண்டும் பழுதாகா. உன்ர சாமான்தான் சரியில்ல."

மாமா விசைப்பலகையை நெல் காயப்போடும் பாயில் கவிழ்த்து இரண்டு நாள் வெயிலில் வைத்தார். நெல்லாக இருந்தால் குத்தியே இருக்கலாம். வேறொன்று வாங்க டவுனுக்குப் போக வேண்டும், ஆனால் அது வேளாண்மை விதைக்கிற காலம். மாமாவும் அப்பாவோடு வட்டைக்கு வயல் வேலைக்குப் போய்விட்டார். ஆகவே இரண்டு வாரம் என்னிடம் இருந்தது மவுஸ் மட்டும்.

எழுத்தே அடிக்க முடியாதவர் இன்டர்நெட்டில் எதையும் தேட முடியாது. அது காட்டுவதைத்தான் பார்க்கலாம். மாமா சேர்த்து வைத்திருந்த பக்கங்களில் ஒரு பாட்டைத் திறந்தால் அதன் பக்கத்தில் பத்துப் பாட்டு வரிசையில் நிற்கும். அதில் ஒன்றை அமத்தினால் வேறு பத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் இப்படியே ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் போய்க்கொண்டிருப்பேன். எந்த நாடென்று தெரியாத மலையில் நின்று பாடும் பெண்கள், பூசணிக்காய் போன்ற வாத்தியத்தை மடியில் வைத்து மீட்டும் கிழவர், பனியில் நின்று மேளம் அடிப்பவர்கள். வானொலி தரும் பாட்டு மட்டும்தான் பாட்டு என்று இருந்த எனக்கு உலகம் இவ்வளவு சத்தமாக இருப்பது பெரிய அதிசயமாக இருந்தது. சின்னம்மா தலை நிமிர மாட்டார். ஆனால் பாட்டு பிடித்துவிட்டால் மெஷின் மிதி அந்தத் தாளத்துக்கு மாறிவிடும். அதை வைத்து நான் நல்ல பாட்டு எது என்று தெரிந்துகொள்வேன்.

அப்படிப் போன ஒரு பின்னேரம், வெளிநாட்டில் எங்கள் ஆட்கள் ஏதோ மண்டபத்தில் நடத்திய இசைநிகழ்ச்சி ஒன்று வரிசையில் வந்தது. அமத்தினேன். யாரோ பின்வரிசையில் இருந்து கையில் பிடித்து எடுத்த படம். மேடையில் மனிதர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். முகமென்று ஒன்றும் இல்லை. ஒரு பெண் அம்மன் பாட்டுப் பாடினாள். சின்னம்மாவின் மிதி தாளத்துக்கு மாறியது. பாட்டு முடிந்தது. கைதட்டல் தொடங்கியது. கைதட்டலுக்கு அடியில், மெதுவாக, ஒரே ஒரு சுரம்.

படம் அந்த இடத்தில் நின்று வட்டம் சுற்றத் தொடங்கியது. நான் கத்தரிக்கோல் தட்டுக்காகக் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கத்தரிக்கோல் சின்னம்மாவின் கையில் அரைவழியில் நின்றது.

"மறுகா ஒருக்காப் போடு, புள்ள."

போட்டேன். வட்டம்தான் சுற்றியது. காற்று எழும்பியிருந்தது. நான் எழும்ப முந்தி சின்னம்மா முற்றத்துக்கு ஓடினார். கதிரையைப் போட்டு ஏறி, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழக்கே திருப்பினார். அப்படி ஓடி நான் அவரை அதற்குமுன் கண்டதில்லை. படம் அசைந்தது. "வருது சின்னம்மா!" என்று கத்தினேன். கையை விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். அவர் வந்து சேர, சட்டி திரும்பிவிட்டது. மீண்டும் ஓடினார், மீண்டும் வந்தார். சட்டியைப் பிடித்தால் பார்க்க முடியாது; பார்க்க வந்தால் படம் நிற்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

"நீ போய்ச் சட்டியப் பிடி," என்றார். "நான் பாக்கன்."

கதிரையில் ஏறிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முருங்கைப் பூ தலையில் கொட்டியது. வாவி மினுங்கியது. உள்ளே அம்மன் பாட்டு மூன்று தரமோ நாலு தரமோ முதலிலிருந்து கேட்டது. கைதட்டலுக்கு அடியில் அந்தச் சுரத்தை நான் அங்கிருந்தும் காதைக் கூர்மையாக்கிப் பிடித்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை. காணாமல் போன சித்தப்பாவைக் கொம்பியூட்டரில் கண்டுபிடித்தவள் நான். ஊரே என்னைப் பற்றிக் கதைக்கப் போகிறது. கை கடுத்தது, தோள் கடுத்தது, ஆனாலும் சட்டியை அசைய விடவில்லை.

"வருதா சின்னம்மா?"

"வருது. அசையாமப் பிடி."

அதற்குப் பிறகு பாட்டுச் சத்தமும் இல்லை, சின்னம்மாவின் சத்தமும் இல்லை. பொறுக்க முடியாமல் இறங்கி உள்ளே வந்தேன். சின்னம்மா சேலைத் தலைப்பால் மவுசைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரை வெறுமையாக இருந்தது.

"சித்தப்பாதானே சின்னம்மா?"

"இல்ல புள்ள. அது வேற ஆரோ."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என் கடுத்த தோள்களை நீவிவிட்டார். பிறகு சாதாரணமாக, உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பது போல, நாங்கள் இதில் என்ன பார்த்தோம் என்று பிறகு திறக்கிறவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். மாமா சொல்லித் தந்த பாடங்களில் அதுவும் ஒன்று. போன இடமெல்லாம் அது எழுதி வைத்திருக்கும், அழிக்கவும் வழி இருக்கிறது என்றேன். "காட்டு," என்றார். மவுசாலேயே ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து காட்டினேன். கடைசி இடத்தில் என் கையைத் தள்ளிவிட்டு அவரே அமத்தினார். பெரியவர் ஒருவருக்குக் கொம்பியூட்டர் படிப்பித்த பெருமையில் என் அழுகை நின்றுவிட்டது. நடந்ததை யாருக்கும் சொல்லக்கூடாது என்றார். சொல்லவில்லை. மாமா வட்டையால் வந்து, தான் சேர்த்து வைத்த பக்கங்களெல்லாம் எங்கே என்று துள்ளியபோதும், மஞ்சள் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும் என்று அம்மாவின் தலையில் போட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை சின்னம்மா குளித்துவிட்டு வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று அம்மாவிடம் சொன்னார். ஆறு வருடமாக அதைத்தான் செய்யச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, இப்போது அடுப்படியில் குந்தியிருந்து குழறி அழுதார். உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல தர்ப்பையால் ஓர் உருவம் முடிந்து, வாவிக்கரையில் வைத்து எரித்தார்கள். சின்னம்மா அழாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் அழுதேன். யாரோ ஒருவரைச் சித்தப்பா என்று காட்டி, இருந்த நம்பிக்கையையும் நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் குற்றத்தைப் பல வருடம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பல்கலைக்கழக விடுதியில் ஒருநாள் அந்தப் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். இந்தமுறை சட்டி தேவைப்படவில்லை, வட்டம் சுற்றவில்லை. சுரம் விழுந்த பிறகும் படம் ஒரு நிமிடம் ஓடியது. ஓர்கன்காரர் எழும்பவில்லை. நாலு வயது மதிக்கத்தக்க பொடியன் ஒருவன் முன்வரிசையிலிருந்து ஓடி மேடையில் ஏறினான். அவர் அவனைத் தூக்கி மடியில் இருத்தி, அவனுடைய விரலைப் பிடித்து, அதே கீழ்க்கட்டையில் ஒரு தரம் அமத்த வைத்தார். கடல் அவரை எங்கே கொண்டுபோய்ப் போட்டது, யாருக்குப் பயந்து ஓடினார், திரும்பி வர முடியாமல் போனதா, வர விருப்பமில்லையா, எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஓடுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. சின்னம்மா இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நானும் கேட்கவில்லை. அன்று நான் மரத்தடியில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் உள்ளே அந்தக் கடைசி நிமிடத்தைத் தனியாகப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சடங்கு முடிந்து சில நாளில் சின்னம்மா மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். நான் அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, மலையில் நின்று பாடும் பெண்களின் பாட்டைப் போட்டேன். மிதி தாளத்துக்கு மாறவில்லை. பாட்டு முடிந்தது. நான் காத்திருந்தேன். கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே கிடந்தது. மறந்துவிட்டாராக்கும் என்று எட்டி அதை எடுத்து நானே மெஷினில் ஒரு தட்டுத் தட்டினேன். சின்னம்மா தையலை நிறுத்தி என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மெஷின் லாச்சிக்குள் வைத்து மூடினார்.

"சிக்னல் போயிட்டுது போல, புள்ள. சட்டியத் திருப்பிப்போட்டு வா."

சிக்னல் போகவில்லை, அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. பெரியவர்களுக்கு இதெல்லாம் விளங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் ஓடிப்போய்ச் சட்டியைத் திருப்பினேன்.