மதினி காத்திருந்தது

வாசிக்கக் கொடுத்த அட்டையில் சின்னப்பெண் மாம்பியின் விரல் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. வாய் மட்டும் நான்காவது வரிக்கு ஓடிப்போயிருந்தது. அந்த அறையில் அதைக் கவனித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருவர் என் மதினி.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது மதினிக்கு ஒரு வார்த்தை வங்காளம் தெரியாது. கடைப்பலகைகளை எழுத்துக்கூட்டிக் கூட்டியே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டார். அதனாலோ என்னவோ, ரயில் யார்டில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் வாசிக்கத் திணறினால் அவருக்குக் கோபமே வராது. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த ஒற்றை அறையில் பதினான்கு வருஷம் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பிள்ளை ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டால் எடுத்துக்கொடுக்க மாட்டார், காத்திருப்பார். அந்தப் பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. உதவி டீச்சர் (பிள்ளைகளுக்குத் 'திதிமணி') என்ற பெயரில் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் தொண்டு நிறுவனத்தின் பாலிகஞ்ச் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அங்கே பொறுப்பிலிருக்கும் மேடம் நேரில் வந்து சோதிப்பார். பாதிப் பிள்ளைகளாவது வாசிக்காவிட்டால் மையத்துக்கு மூடுவிழாதான். தேறியவர்களைப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். வாசிக்கவேண்டிய அட்டை ஒட்டிய கவரில் முன்கூட்டியே வந்தது. மதினி அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, வழக்கம்போலச் சாவியை என்னிடம் கொடுத்தார். நான் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல? கவரை ஆவியில் காட்டிப் பிரித்தேன். மதினி வெளியே போகிற நேரமெல்லாம் அட்டையில் இருந்த ஆட்டுக்குட்டிக் கதையைப் பிள்ளைகளை உருப்போட வைத்தேன். பிறகு கவரை ஒட்டி வைத்துவிட்டேன். மையம் பிழைக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

சோதனை நாளில் மாம்பி கடகடவென்று ஒப்பித்து முடித்ததும் மேடம் டிக் போடப் பேனாவை எடுத்தார். "ஒரு நிமிஷம் மேடம்" என்றார் மதினி. அட்டையின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன, சோனா?" என்று மாம்பியிடம் செல்லமாகக் கேட்டார். மாம்பி அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "திதிமணி, முதல்லேருந்து சொல்லட்டுமா?" என்றாள்.

மேடம் கவரைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய இடம் சுருங்கிக் கிடந்தது. "யார் பிரித்தது?"

மதினி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குக் காத்திருப்பது போலவே எனக்கும் காத்திருந்தார். பாழாய்ப்போன என் வாய் திறக்கவில்லை. கடைசியில் மதினியே, "சாவி என் பொறுப்பு. நான்தான்" என்றார்.

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதத்தில் மறுசோதனை என்று சொல்லி மையத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள்! என்னிடம்! வீட்டுக்கு நடக்கும்போது வெட்கத்தை மறைக்க நான் சண்டைக்குப் போனேன். "அவங்க டிக் போட்டிருப்பாங்கல்லா மதினி, நீங்க ஏன் கெடுத்தீங்க?"

"போட்டிருப்பாங்க. நாலாங்கிளாஸ்ல போயி அந்தப் புள்ள திருதிருன்னு முழிக்கும். அங்க யாருட்டி அதுக்கு எழுத்துச் சொல்லிக் குடுப்பா? நாளைக்கு அவள மொதல்லேருந்து ஆரம்பி."

கவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தோம். மறுசோதனையில் மாம்பி புது அட்டையைத் திக்கித் திக்கி, ஆனால் தானே வாசித்தாள். மையம் பிழைத்தது. பதினோரு வருஷமாக நான்தான் அங்கே பெரிய டீச்சர்.

இந்த மாதம் ஆபீஸில் எனக்குப் பாராட்டு விழாவாம். மையத்தின் கதையை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மதினியின் ஃபைலில் இன்னமும் 'சோதனை அட்டையைக் கசியவிட்டவர்' என்றுதான் இருக்கிறது. இதுவரை எழுதியதை இன்று காலை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். அவர் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தார்.

முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாம்பிக்கே மூணு மாசந்தான் ஆச்சு" என்றார். "உனக்குப் பதினோரு வருசமாட்டி?"