இரண்டாயிரம் அடிக்கு ஒன்றரை அங்குலம்

மண்டைதீவுப் பாதையில், கையில் ஒரு பையோடு யாழ்ப்பாணம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அயல்வீட்டுக்காரர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து மறித்தார்.

"தம்பி, நில்லும். கொண்ணர் மோசம் போயிட்டார். குழாய் தாக்கக் கிடங்கு வெட்டினவர், களைக்குதெண்டு இருந்தார். பிறகு எழும்பேல்லை."

"விசர்க்கதை கதையாதேங்கோ. காலமைதானே என்னோடை சண்டை பிடிச்சவர்!"

அண்ணர் இறந்து இன்று முப்பத்தொரு நாள். இன்னும் நம்ப முடியவில்லை.

அண்ணர் வேலணையில் பிறந்தார். ஐயா காலமானபின் படிப்பை விட்டு, கொழும்பில் குழாய் பொருத்தப் பழகி, எங்களை வளர்த்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் ஊருக்கு வந்து இறங்கினார். அதைப் பற்றி ஒருநாளும் புலம்பியதில்லை. நானோ எட்டாம் வகுப்போடு ஊர் ஊராகத் திரிந்தவன்.

கடற்கரைக் குடியிருப்பில் கிணறெல்லாம் உவர். நன்னீர்க் கிணற்றுத் தொட்டியிலிருந்து அங்கே பிளாஸ்டிக் குழாய் இழுக்கும் பொறுப்பை ஊர்ச்சங்கம் அண்ணரிடம் கொடுத்தது. அவர் ஒன்றரை அங்குலக் குழாய் கேட்டார். சங்கம் ஒரு அங்குலம் போதும் என்றது. அன்று காலைக் கூட்டத்தில் நானும் சங்கத்தின் பக்கம் நின்றேன்.

"குழாய் வாயைப் பெருவிரலாலை அமத்தினாத் தண்ணி பாயுது. ஒடுக்கமெண்டா வேகம்தானே அண்ணை?"

"அது வாயிலை மட்டும். ஒடுங்கின குழாயெண்டா ரெண்டாயிரம் அடிக்கும் அமத்திப் பிடிச்ச மாதிரி. நிமிசத்துக்கு அஞ்சு கலன் தண்ணி போக, உரசலுக்கே இருபத்தெட்டு அடி உயரம் வேணும். எங்கடை தொட்டி பத்தடி. ஒண்டரை அங்குலமெண்டா நாலடி போதும்."

"உங்கடை கொழும்புக் கணக்கு இஞ்சை சரிவராது."

எல்லோரும் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன்.

"திரியிறவனுக்குத் தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன!" என்றார் அண்ணர். நான் பையைத் தூக்கினேன்.

திரும்பி வந்தபோது அவரை மர வாங்கில் நீட்டி வளர்த்தியிருந்தார்கள். காலில் மண் காயவில்லை. அண்ணி சொன்னார்: "கோவிச்சுக்கொண்டு போனவன் வருவான், சோறு எடுத்து வையும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்." எனக்கு அழுகையே வரவில்லை.

அண்ணரைத் தூக்கி வந்தவர்களையும், அண்ணியைத் தனியே விடாமல் இருந்தவர்களையும், கடலுக்குப் போகாமல் வந்து சிதைக்கு விறகு சுமந்த கடற்கரைக் குடும்பங்களையும் இந்த நாளில் கைகூப்பி நினைக்கிறோம்.

இறந்த அடுத்தநாள் சுடலையிலிருந்து திரும்பும்போது சங்கத்தலைவர் சொன்னார்: "இனிக் கணக்குப் பாக்க ஆளில்லை. ஒரு அங்குலமே போடுவம்."

"ஒண்டரை" என்றேன்.

"நேற்றுச் சிரிச்சனீர். இண்டைக்குக் கணக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஒண்டரை போடுறதெண்டா கிடங்கை நான் வெட்டுறன்."

"வேலை முடியுமட்டும் ஊரிலை நிப்பீரோ?"

"ஓம்."

தலைவர் ஒத்துக்கொண்டார். மறுநாள் விடிய, ஒன்றரை அங்குலக் குழாய்க்குக் கிடங்கு வெட்டும் கூலியாளாகச் சேர்ந்தேன்.