ஏழாம் ஐயாவைச் சுமந்த கணுக்கால்

சீலுவோ ஊரில் லியாவ் ஜின்ஃபாவை முகம் பார்த்துத் தெரிந்தவர்களைவிடக் குரலைக் கேட்டுத் தெரிந்தவர்களே அதிகம். மற்ற நாட்களில் அவர் காய்கறி மண்டியில் முட்டைக்கோஸ் பெட்டிகளை லாரியில் ஏற்றுகிறவர். மாட்சு அம்மன் ஊர்வலத்தன்று மட்டும் ஏழாம் ஐயாவுக்குள் புகுந்துகொள்வார். ஏழாம் ஐயா அம்மனுக்கு முன்னே போகும் காவல் தெய்வம். ஊர்வலத்தில் போவது அவருடைய பொம்மை: வெளுத்த முகம், தொங்கும் நாக்கு, கடைக் கூரையைத் தொடும் உயரம். பட்டுடுத்திய அந்த மூங்கில் கூட்டைத் தோளில் தாங்கி, வயிற்றில் உள்ள ஓட்டை வழியே வழி பார்த்து, நீண்ட கைகள் இரண்டும் வீசி ஆடும்படி நடக்க வேண்டும். ஊர்வலம் எங்கேயாவது நின்றால் தெய்வத்தின் வயிற்றிலிருந்து, "யாராவது தண்ணி குடுங்கப்பா" என்று குரல் வரும். புதுப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடும்.

வாலிபத்தில் ஒருமுறை பட்டாசுக் குப்பையில் வழுக்கி அவருக்கு வலது கணுக்கால் பிசகியது. எலும்பு வைத்தியர் ஒருவர் பச்சிலை வைத்துக் கட்டினார். வீக்கம் வடிந்ததும் லியாவ் அதை அத்தோடு விட்டுவிட்டார். ஆனால் மூட்டுக்குள் தேய்மானம் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியதும் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது, யாரோ கணுக்காலுக்குள் கூழாங்கல்லைப் போட்டு வைத்தது போல் நறநறத்தது.

போன வருடத்து ஊர்வலத்தில், சோயா சாறு விற்கும் கடைக்கு எதிரே, அந்தக் கால் சட்டென்று மடங்கியது. ஏழாம் ஐயா தெருவின் நடுவே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

தெய்வம் உட்கார்ந்ததை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. முன்னால் நின்றவர்கள் மண்டியிட்டார்கள். பின்னால் நின்றவர்களும், என்ன ஏது என்று தெரியாமலே, மண்டியிட்டார்கள். கோயில் தலைவர் ஜொங் ஊதுபத்தியோடு ஓடி வந்தார்.

"ஐயா, என்ன குறை வச்சோம்? சொல்லுங்கய்யா!"

"காலு..." என்றது வயிறு.

"நாலுங்கிறார்!" என்று கத்தினான் ஒருவன். "நாலு! லாட்டரி நம்பருடா!" பாதிக் கூட்டம் லாட்டரிக் கடையைப் பார்த்து எழுந்து ஓடியது.

"நாலு இல்லடா நாசமாப் போறவனே, காலு! என் கணுக்காலு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் லியாவின் மனைவி பாவ்ஜூ. பட்டுத் துணியைத் தூக்கி உள்ளே குனிந்தாள். "யோவ், வெளிய வா. சாமிய அவமானப்படுத்துனது போதும்."

மறுவாரம் இருவரும் மாவட்ட மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வென் கணுக்கால் அறுவையில் பெயரெடுத்த பெண்மணி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "லியாவ் ஐயா, என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"உக்காந்து பாக்குற வேலைதாங்க."

"பொய்யி," என்றாள் பாவ்ஜூ. "மண்டியில பெட்டி ஏத்தற வேல. திருவிழாவுல காஸ் சிலிண்டரவிட கனமான ஒரு சாமி. அதத் தூக்கிட்டு டான்ஸ் வேற."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மூட்டுக்குள்ள மெத்த மாதிரி இருக்கிற சவ்வு மொத்தமா போயிருச்சு. சின்ன ஓட்ட போட்டுச் சுத்தம் பண்ற கட்டம் எப்பவோ தாண்டியாச்சு. இப்ப ரெண்டு வழிதான். ஒண்ணு, செயற்கை மூட்டு. பாதம் நல்லா அசையும், ஆனா பாரம் சுமந்தா சீக்கிரம் தேஞ்சிரும். இன்னொண்ணு, ரெண்டு எலும்பையும் திருகாணி போட்டு ஒண்ணாச் சேத்துடறது. கணுக்கால் மடங்காது. ஆனா வலி போயிரும், பாரமும் ஓரளவு தாங்கும்."

"சேத்துடுங்க," என்றார் லியாவ்.

"செயற்கை மூட்டு வைங்க," என்றாள் பாவ்ஜூ, அதே நொடியில்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்ல பேசிட்டு வாங்க. இங்க வேணாம், வெளிய நிறையப் பேர் காத்திருக்காங்க."

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பன்றிக்கால் போட்ட சேமியா. பீடை கழியட்டும் என்று பாவ்ஜூ சமைத்திருந்தாள். லியாவ் ஒரு காலை எடுத்து முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தார். "இது மடங்கி என்ன கிழிச்சிச்சு? கடைசியில சட்டியிலதான கெடக்கு?"

"நீயும் அப்படித்தான் கெடக்கப் போற. தின்னுட்டுப் பேசு."

பேச்சு முடியாததால் வழக்கு கோயிலுக்குப் போனது. பிறைபோல் வளைந்த இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுத் தெய்வத்திடம் கேட்பது ஊர் வழக்கம். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம், இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு, இரண்டும் நிமிர்ந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று பொருள். லியாவ் ஏழாம் ஐயா முன் நின்று, "சேத்துடலாமா?" என்று போட்டார். ஐயா சிரித்தார். பாவ்ஜூ அம்மன் முன் நின்று, "செயற்கை மூட்டு வைக்கலாமா?" என்று போட்டாள். அம்மனும் சிரித்தாள். மறுபடி போட்டார்கள். மறுபடியும் சிரிப்பு.

"கேள்வி சரியில்லேன்னா சாமி சிரிக்கத்தான் செய்யும்," என்றார் தலைவர் ஜொங், கடலை உரித்தபடி.

பாவ்ஜூவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு, "இந்த ஆளு என்னைக்காவது என் பேச்சக் கேப்பானா?" என்று வீசினாள். இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. கோயிலே சிரித்தது. ஊதுபத்தி விற்பவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவ்ஜூ மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

லியாவ் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். வாசல் சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏன் பாவ்ஜூ, நான் சாமி தூக்குனா உனக்கு என்ன?"

"நீ உள்ள இருந்தா மூஞ்சி தெரியாதுய்யா. வலிக்குதா, மயக்கம் வருதா, ஒண்ணும் தெரியாது. கால் ரெண்டு மட்டும்தான் தெரியும். கல்யாணம் ஆனதிலேருந்து ஒவ்வொரு ஊர்வலத்துலயும் உன் காலயே பாத்துக்கிட்டு நடக்கறேன். சாமிய நான் நிமிந்து பாத்ததே இல்ல."

லியாவ் சிங்கத்தின் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சேத்துக்கறேன். ஆனா கோயில் வாசல்லேருந்து தெரு முனை வரைக்கும்தான் தூக்குவேன். அப்புறம் உன் தம்பி கூன்ஷான் தூக்கட்டும்."

"அவன் குள்ளன்."

"வளரச் சொல்லு."

அறுவையன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். லியாவ் விழித்தே இருந்தார். துளையிடும் சத்தம் கேட்டதும், "டாக்டரம்மா, மரை நல்லா ஏறுதா? பாத்து, வழுக்கிடப் போகுது," என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து மேற்பார்வை செய்தார். டாக்டர் வென் மயக்க மருந்து நிபுணரிடம், "இவருக்கு இன்னும் கொஞ்சம் குடுங்க," என்றார். அதற்குப் பிறகு நடந்தது அவருக்கு நினைவில்லை.

எலும்பு கூடும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது. முழங்காலை மடித்து வைத்துத் தள்ளிப் போகும் சின்ன வண்டி ஒன்று கொடுத்தார்கள். அதில் மண்டிக்குப் போய், பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு முதுகை எப்படி வளைப்பது என்று பாடம் நடத்தினார். அவர்கள் ஒரு நாள் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி ஒளித்து வைத்தார்கள்.

அடுத்த ஊர்வலம் வந்தபோது வலி போயிருந்தது. முனை வளைந்த அடிப்பாகம் கொண்ட தனிச் செருப்பும் வந்திருந்தது. அதுவரை பாரத்தைத் தொடக் கூடாது, அப்போதும் தெரு முனையைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். கணுக்கால் மடங்காததால் ஏழாம் ஐயா இந்தத் தடவை ஆடவில்லை. சம்பளம் வாங்கும் பெரிய அதிகாரிபோல் நிதானமாக நடந்தார். "இப்பத்தான்யா சாமிக்கே ஒரு கம்பீரம் வந்திருக்கு," என்றார் ஜொங்.

தெரு முனையில் கூன்ஷான் உள்ளே புகுந்தான். ஐயாவின் அங்கி தரையைப் பெருக்கியது. லியாவ் வெளியே வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் நடந்தார். அவள் கையில் சுட்ட சோளம் இருந்தது. பாதியை ஒடித்துக் கொடுத்தாள்.

"இந்தப் பய நடக்கறதப் பாரு, வாத்து மாதிரி."

"சும்மா வாய்யா," என்றாள் பாவ்ஜூ. அவள் தலையை நன்றாக அண்ணாந்து, அந்த வெளுத்த முகத்தையும் தொங்கும் நாக்கையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். "இவ்ளோ அசிங்கமாவா இருப்பாரு இவரு!"