ரோமாபுரிக்குப் போன படகு

ரோமாபுரியைப் பற்றி அவருக்குச் சொன்னதே நான்தான். இதை முதலில் எழுதிவிடுகிறேன். வெகுகாலம் என் பொறாமைக்கு நான் வைத்திருந்த ஒரே நியாயம் இதுதான்.

நான் மைசூரில் ஒரு பள்ளியில் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பிறந்தது கொள்ளேகால் பக்கம். அது அப்போது சென்னை ராஜதானியில் இருந்ததால் தமிழில் படித்தேன். கல்லூரிக்குத்தான் மைசூர் வந்தேன். அவர் எங்கள் தெருவிலேயே குடியிருந்த ரயில்வே குமாஸ்தா. தகப்பனாரின் உத்தியோகத்துக்காக வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். அவருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக்கொடுத்தது. எல்லோரையும் போல அவரும் என்னை ‘மேஷ்ட்ரே’ என்றுதான் கூப்பிடுவார். மைசூரில் வாத்தியாருக்கு அதுதான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழ் பேசும் சிலர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் கூடுவோம். கொங்கு நாட்டில் உழும்போது ரோமாபுரிக் காசு கிடைப்பதையும், நம் மிளகு கடல் கடந்து அங்கே போனதையும் ஒரு நாள் சொன்னேன். அவர் ஏரியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் நானும் ரோமாபுரியை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். யாருக்கும் காட்டவில்லை. செனட்டர்களின் உடை, தெருக்களின் பெயர், விருந்தில் எந்தப் பண்டம் முதலில் வரும் என்பதெல்லாம் அதில் சரியாக இருந்தன. ஆனால் அதில் ஒருவருக்கும் மூச்சு வரவில்லை. அது எனக்கே தெரிந்தது.

சில வாரங்களில் அவர் ஒரு கதையோடு வந்தார். கொங்கு நாட்டுக் குதிரைக்காரன் ஒருவன் மிளகு வியாபாரியோடு கடலேறிப் போகிறான். ரோமாபுரியில் வியாபாரி அவனை அடிமையாக விற்றுவிடுகிறான். தேர்ப் பந்தயத்தில் ஜெயித்தால் விடுதலை, தோற்றால் சிங்கம். முதல் பந்தயத்தை அவர் படித்தபோது ஏரிக்கரையில் ஒருவரும் அசையவில்லை. சக்கரத்தோடு சக்கரம் உரசும் சத்தம், குதிரையின் வாயிலிருந்து பறந்து வந்து முகத்தில் விழும் நுரை, கடிவாளத்தை இடுப்பில் சுற்றிக் கட்டியவனுக்கு வயிற்றில் எழும் பயம். இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

“படிக்கிறதா? நஞ்சன்கூடு ரோடுல சாயங்காலம் ஜட்காக்காரங்க காலி வண்டியோட திரும்பறப்போ ரேஸ் விடுவாங்களே, மேஷ்ட்ரே. பக்கத்துல குந்திக்கிட்டுப் போனேன். ஒரு தடவை கீழயும் விழுந்தேன்” என்று முழங்கையைக் காட்டினார்.

கதையில் ராஜாவின் வெற்றி ஊர்வலத்தில் யானையும் தீவட்டியும் வந்தன. விடுவேனா?

“ரோமாபுரியில ஏதுங்க தசரா?”

“ராஜா ஜெயிச்சுட்டு வந்தா ஊர் சும்மா இருக்குமா, மேஷ்ட்ரே? அவங்களும் மனுஷங்கதானே!”

எல்லோரும் சிரித்தார்கள். அரண்மனை பாண்டில் கிளாரினெட் வாசித்த நண்பர் என் தோளைத் தட்டி, “பாடம் நாளைக்கு ஸ்கூல்ல நடத்திக்கலாம். ” என்றுவிட்டு அவர் பக்கம் திரும்பி, “சுவாமி, நீங்க மேல படிங்க” என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

அதைவிட மோசமான ஒன்று என் வீட்டிலேயே நடந்தது. ஒரு காலை என் மனைவி காபியை வைத்துவிட்டு, “அந்தத் தேர்க்காரனுக்கு விடுதலை கிடைக்குமா, கிடைக்காதா? உங்களுக்குத் தெரியுமாமே” என்று கேட்டாள். குழாயடியில் அவர் மனைவி அவளுக்கு வாராவாரம் கதை சொல்லிவந்திருக்கிறாள். நான் ராத்திரியெல்லாம் என்ன எழுதுகிறேன் என்று இவள் ஒரு நாளும் கேட்டதில்லை. “எனக்கு வேற வேலை இல்லையா?” என்று எரிந்து விழுந்தேன். அந்த வாரமே என் நாவலைப் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

அப்போது சென்னையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகை தொடர்கதைகள் வேண்டும் என்று அறிவித்தது. எங்கள் கூட்டம் அவரை விடவில்லை. கன்னடத்தில் எழுதினால் மைசூரிலேயே அச்சாகுமே என்று ஒருவர் சொன்னதற்கு, “அம்மாவுக்குக் கன்னடம் படிக்க வராதே. தமிழ்ல அச்சாச்சுன்னா எழுத்துக்கூட்டியாவது படிப்பாங்க” என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். முதல் அத்தியாயங்களைத் திருத்தமாக எழுதி என்னிடம் கொண்டுவந்தார்.

“மேஷ்ட்ரே, தப்பெல்லாம் பார்த்துக் கொடுங்க. ஒரு அனுமானம்…”

கன்னடத்தில் அனுமானம் என்றால் சந்தேகம். அவருடைய தமிழ் அப்படித்தான். “என்ன?” என்றேன்.

“சில இடத்துல கப்பல்னு போட்டிருக்கேன், சில இடத்துல படகுன்னு. எது சரி? எங்க வீட்ல கடல்ல போறது எல்லாமே படகுதான்.”

அந்தத் தவறு எப்படி வந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரம் ஆகிவிடும். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு. கப்பலுக்குக் கன்னடத்தில் ‘ஹடகு’ என்று பெயர். மைசூரில் வளர்ந்த தமிழர் அந்த ஹடகைத் தமிழாக்கினால் படகுதான் வரும். அவர் கடலையே பார்த்ததில்லை. நான் சென்னைத் துறைமுகத்தில் கப்பல்களைப் பார்த்தவன்.

“படகுன்னே இருக்கட்டும். அதுதான் நல்ல தமிழ்” என்றேன்.

என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதோடு விட்டேனா? அவர் சரியாக எழுதியிருந்த இடங்களிலெல்லாம் கப்பலை அடித்துவிட்டு என் கையாலேயே படகு என்று எழுதினேன். ஒற்றுப் பிழைகளையும் திருத்தினேன். அவர் நன்றி சொல்லி, வீட்டிலிருந்து ஒரு சீப்பு ரசபாளை வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

திருப்பி அனுப்புவார்கள், அவர் வருத்தப்படுவார், அதோடு முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். பத்திரிகையோ அதைக் கேலித் துணுக்காக்கிவிட்டது. மூட்டை மூட்டையாக மிளகையும் எட்டுக் குதிரைகளையும் ஒரு படகில் ஏற்றி ரோமாபுரிக்கு அனுப்பிய மைசூர் அன்பரே, துடுப்புப் போட்டது யார் என்று கேட்டு, கீழே படமும் போட்டிருந்தார்கள். பெயர் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரியாதா?

அந்த ஞாயிறு அவர் வருவதற்கு முன்பே பத்திரிகை கைமாறியிருந்தது. கிளாரினெட் நண்பருக்கு நாக்கில் எப்போதும் குறும்பு. “வாங்க, படகோட்டி! கை வலிக்குதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

நான்தான் படகு என்று சொன்னேன் என்பதை அவர் அப்போது சொல்லியிருக்கலாம். அதற்காகவே என் முகம் சூடேறிக் காத்திருந்தது. சாமர்த்தியமாகப் பேச ஒரு பதிலையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவேயில்லை. திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “விடுங்க, மேஷ்ட்ரே. உங்களுக்கும் எனக்கும் இந்த ஊர்த் தமிழ்தானே? அது பட்டணத்துல செல்லாது போல.”

தன்னைப் போல நானும் அறியாமல்தான் தவறிவிட்டேன் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார். “ஆமாம்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. ஏரிக்கரைக்கு வருவதும் குறைந்தது. தெருவில் பார்த்தால் கன்னடத்தில் குசலம் விசாரிப்பார். வீட்டிலும் பிள்ளைகளோடு கன்னடம்தான் என்று என் மனைவி சொன்னாள். தேர்க்காரன் கதையில் என்ன ஆனான் என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அத்தனை பேரையும்விட நான்தான் தவித்தேன். இதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

உலக யுத்தம் முடிந்த வருஷம் அவருடைய அம்மா காலமானார். துக்கம் விசாரிக்கப் போனவன், மற்றவர்கள் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். “அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, கப்பலா படகான்னு. கப்பல்தான் சரின்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை.  எத்தனையோ வருஷங்களுக்கு அப்புறம், என்னிடம் தமிழில் பேசினார்.

“அப்போ மத்ததெல்லாம்? கதை நல்லா இருந்துதா, மேஷ்ட்ரே?”

அவர் கேட்டது அது ஒன்றைத்தான். இத்தனை காலம் அதற்குப் பதில் தெரியாமலே இருந்திருக்கிறார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பந்தயம் ஓடியதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“சுமாரா இருந்தது” என்றேன்.